கோல் கிக்

நான்தான் அந்தத் தேங்காய் பன்.
மேசையின் மேற்கு ஓரத்தில்
என்னை வைத்தார் நாச்சிமுத்து.
எனக்கு முன்னால் நாலு முட்டை பப்ஸ்,
நடுக்களத்தில் டீ கிளாஸ்கள்,
முன்வரிசைக்கு வர்க்கி இரண்டு, ஒன்று உடைந்தது.
பொள்ளாச்சிக்காரர்கள் பதினோரு பேரும்
கிழிக்காத சர்க்கரைப் பொட்டலங்கள்.

"எழுவத்தெட்டாவது நிமிசம். ஒண்ணுக்கு ஒண்ணு.
பந்து இவங்கிட்ட.
தூக்கி அடிக்காம வேறென்னங் பண்ணுவான்?"

நாச்சிமுத்துவுக்கு முப்பத்தாறு தறி.
ஆறு நாளும் நாடா இக்கட்டால ஓடி
அக்கட்டால திரும்புவதைப் பார்த்துவிட்டு
ஏழாம் நாளும் அதையே
புல்லில் பார்க்க நானென்ன கேனையனா என்கிறார்.
பந்து வானத்துக்குப் போக வேண்டும்.
பல்லடமே அண்ணாந்து பார்க்க வேண்டும்.
விழுகிற இடத்தில்
நாலு மண்டை முட்டிக்கொள்ள வேண்டும்.
"அதுக்குப் பேருதானுங் ஆட்டம்."

திருமூர்த்தி ஓட்டுவது கறிக்கோழி லாரி.
இருட்டில் ஏற்றி, விடியுமுன் திருச்சூர்.
"ரெண்டாயிரம் கோழி.
இங்கிருந்து வீசி எறிஞ்சா அங்க போயி விழுந்துருமா?
கியரு மாத்தி, சந்து கெடச்சா நொழஞ்சு,
கெடைக்கலீன்னா சித்த நின்னு,
ஒண்ணுகூடச் சாவாமக் கொண்டுபோய்ச் சேக்கோணும்.
பந்தும் அப்படித்தான்."
பப்ஸிலிருந்து கிளாஸுக்கு,
கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு
விரலால் கோடு இழுக்கிறார்.
டீ கொட்டுகிறது.
"பாத்தீங்ளா, பாஸு?"
"பாத்தன். எம்பட வேட்டில."

பூங்கொடி டீச்சர் நோட்டைப் பிரிக்கிறார்.
தூக்கி அடித்தது இருபத்து மூன்று.
நம் காலுக்கு வந்தது ஐந்து.
"அந்த அஞ்சுல ஒண்ணுதான டீச்சர் கோலாச்சு?"
அதையும் எழுதிக்கொள்கிறார்.

ஆடி மாதம்.
கணவாயிலிருந்து வரும் காற்று
முதல் பாதி முழுக்க என் முதுகில் இருந்தது.
நான் உதைத்ததெல்லாம் சுவர் தாண்டிச் சோளக்காட்டில்.
இரண்டாம் பாதியில் முகத்தில்,
கண்ணெல்லாம் மண்.
அந்தப் பந்து மேலே போனது,
நின்றது,
சாவியை மறந்து வைத்தவன்போலத் திரும்பியது.
எங்கள் ஆள் முழங்காலில் பட்டு கார்னர்.
கார்னரில் கோல்.

"உருட்டி உட்டிருந்தா?"
எல்லோரும் இடது ஓரத்துப் பப்ஸைப் பார்க்கிறார்கள்.
பிபின் நாயக்.
இருபது அடிக்கு ஒரு சர்க்கரைப் பொட்டலம் இல்லை.
"கையத் தூக்கிக் கேட்டான்ல? கண்ணு தெரியலியா இவனுக்கு?"

தெரிந்தது.
கை தூக்கியது கேட்பதற்கல்ல.
வேண்டா, வேண்டா என்று
அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.
வலது ஷூவின் அடி பிளந்து
நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது.
இடைவேளையில் கழிவு நூலால் கட்டியது,
நாச்சிமுத்து தறிக்கூடத்து நூல்தான்,
அறுந்திருந்தது.
அவன் நைட் ஷிப்டும் அங்கேதான்.

சொன்னால்
நாளைக்கே புது ஷூ வாங்கித் தருவார் நாச்சிமுத்து,
நாலு வாரச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு.
சொன்னால்
திருமூர்த்திக்கும் பேச ஒன்றும் இருக்காது,
பேக்கரி அடைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

"அப்ப நீ என்னத்த நெனச்சுறா அடிச்ச?"
முதல்முறையாக என்னைக் கேட்கிறார்கள்.
"காத்து நிக்கும்னு நெனச்சனுங்."

இரண்டு கட்சியும் சேர்ந்து
ஒரே மூச்சில் என்னைத் திட்டியது.
இன்னும் மூன்று டீ சொன்னார்கள்.
எனக்குச் சேர்த்தா என்று தெரியவில்லை.

மேசைக்குத் திரும்பினால்
மேற்கு ஓரம் காலி.
டீச்சர் மகள்
வாய் நிறையத் தேங்காய்ப்பூவோடு
எங்களையே பார்க்கிறாள்.

நாச்சிமுத்து ஒரு கணம் யோசித்தார்.
பிறகு
இடது ஓரத்துப் பப்ஸைப்
பின்னால் நகர்த்தினார்.