நான்காவது கிளாஸ்

கொலம்பியா ஆறு கடலில் விழும் ஊர்.
பழைய மீன் டின் ஆலைக்குள் இப்போது பீப்பாய்கள்.
வெளியே மழை, வேறென்ன.

பலகையில் ஐந்து சின்ன கிளாஸ்.
ஐலா சொல்லச் சொல்ல
ஆரஞ்சுத் தோல், நனைந்த பைன் மரம்,
தீய்ந்த ரொட்டி என்று
மூக்கை நுழைத்துத் தலையாட்டினோம்.

மூலையில் ஆர்லோ. இழுவைப்படகு ஓட்டியவர்,
விற்ற படகின் சாவி இன்னும் சட்டைப்பையில்.
காய்ச்சலோடு போன மோப்பம்
மூன்று வருடமாய்த் திரும்பவில்லை.
நான்காவது கிளாஸைக் காதோடு வைத்து
நுரை அடங்குவதைக் கேட்டார்.

"இதுக்கு மூச்சில்லையே."

யாரோ சிரித்தார்கள்.
ஐலா சிரிக்கவில்லை. ஒரு வாய் குடித்துத் துப்பினாள்,
குழாயை மூடிவிட்டுக்
குளிர் அறைக்கு ஓடினாள்.

அதில்தான் நான்
முலாம்பழம் மணக்கிறதென்று
இன்னொன்று கேட்டிருந்தேன்.