நாற்பத்து மூன்றாவது ஆள்

எண்ணிப் பார்ப்பதுதான் என் முதல் செபம்.
காலை ஆறு இருபது, பேராலய வாசல்.
நாற்பத்திரண்டு வெள்ளைத் தொப்பி,
நாற்பத்திரண்டு தண்ணீர்ப் போத்தல்,
கழுத்தில் தொங்கும் அட்டையில்
'ஒரு நாள், ஒன்பது கோயில்,
மத்தியானச் சாப்பாடு உட்பட.'
மொன்றியலிலிருந்து வந்த றெஜினோல்ட் தம்பதி
முன் இருக்கையை
ஆறு மாதம் முன்பே பதிந்து வைத்தவர்கள்.

மைக்கில் நான் சொல்வது மனப்பாடம்:
தூண் எத்தனை, கூரை எந்தக் காலம்,
எந்தப் பக்கம் நின்றால் படம் நன்றாய் விழும்.
பிழையாய்ச் சொன்னாலும் புனிதர்கள் திருத்துவதில்லை.
இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது அதுதான்.

சாரதி குகநேசன் நீறு பூசினவன்.
அவன் கணக்கில் கோயில்கள் வேறு.
யாகப்பரிடம் வேப்பநிழல்.
பாசையூர் அந்தோனியாரிடம் பஸ் திருப்ப இடம் காணாது.
இன்னொரு இடத்தில் கழிவறைத் திறப்பு
உபதேசியாரின் மனைவியிடம்;
அவ பத்து மணிக்குப் பிறகுதான் சிரிப்பா.

நவாலியில் மைக்கை நிற்பாட்டிவிடுவேன்.
கையேட்டில் அந்த இடத்துக்கும் பன்னிரண்டு வரி இருக்கிறது.
பெயர்களை அவர்களே வாசிக்கட்டும்.
இன்றைக்கு ஒருவர் வாசித்துக்கொண்டே போய்
ஒரு பெயரில் விரலை வைத்தார்.
எடுக்கவில்லை.
பத்து நிமிடம் என்று போட்டிருந்தது,
இருபத்தாறு ஆயிற்று.
குகநேசன் ஹோர்ன் அடிக்கவில்லை.

பண்ணைப் பாலத்தில்
ஆரோ கைகாட்ட அவன் பழக்கத்தில் நிறுத்தினான்.
ஏறிவிட்டா.
நீலப் பிளாஸ்ரிக் வாளி, மேலே ஈரச்சாக்கு,
சாக்குக்குக் கீழே ஓராவும் கொஞ்சம் திரளியும்.
"சரவணைச் சந்தியடியில இறக்கிவிடு மேனே,
பத்தரை பஸ் இண்டைக்கு இல்லையாம்."
பெயர் கேட்டேன், பட்டியலில் எழுதுவதுபோல்.
மதலேனம்மா.

குளிரூட்டிய காற்றுக்குள் கடல் நுழைந்தது.
திருமதி றெஜினோல்ட்
கைக்குட்டையை மூக்கில் பொத்தியபடி
செபமாலையைத் தொடங்கினா.
நடைபாதையில் குந்தியிருந்து,
வாளியை முழங்காலால் அணைத்துக்கொண்டு
மதலேனம்மா பதில் சொன்னா,
எப்போதும் அரை அடி முந்தி,
மீன் ஏலத்தில் விலை கூறுகிற கதியில்.
அல்லைப்பிட்டி தாண்ட முன்னம்
ஐம்பத்து மூன்று மணியும் முடிந்துபோயிற்று.

என் நிகழ்ச்சி நிரலை வாங்கி
தூரப் பிடித்து வாசித்தா.
"எல்லாரிட்டையும் ஒரே நாளிலையோ?
ஆரிட்டை என்ன கேட்டனீங்களெண்டு
பின்னேரம் ஞாபகம் இருக்குமோ?"
ஒருவரும் சிரிக்கவில்லை.
பின்னிருக்கையில்
நவாலியில் விரல் வைத்தவர் மட்டும்
"நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.
"அப்ப சரி. உங்களுக்குக் குழம்பாது."

சந்தியில் இறங்கும்போது
காசு வேண்டாமென்றேன்.
"தரப்போறன் எண்டு ஆர் சொன்னது?"
வீதியோரம் ஒரு கண்ணாடிக்கூடு,
பூட்டு, உள்ளே வாடின பூ,
அதற்குப் பின்னால் ஏதோ ஒரு முகம்.
வாளியை இறக்காமலே
மீன்கையால் கண்ணாடியைத் தொட்டு
நெற்றியைத் தொட்டு நடந்துவிட்டா.

"இங்கே ஒரு படம் எடுக்கலாமா?"
நாலாவது வரிசையிலிருந்து கேட்டார்கள்.
இது பட்டியலில் இல்லை என்றேன்.
நூறு தரம் இந்த வழியால் போயிருக்கிறேன்.
மைக்கை மூடி மெதுவாய்க் கேட்டேன்:
"அதுக்குள்ள ஆர், குகநேசன்?"
"தெரியாது," என்றான், கியரை மாற்றியபடி.
"நிழலில்லை, நான் நிப்பாட்டுறதில்லை."

ஊர்காவற்றுறையில்
செருப்பைக் கழற்றி எல்லாரும் உள்ளே போனார்கள்.
திருமதி றெஜினோல்டின் குதிக்காலில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
பளபளவென்று பீடம்வரை போய்
முழந்தாளிட்டபோதும் மினுங்கியது.
நான் சொல்லவில்லை.

மாலை ஆறு நாற்பது. பேராலய வாசல்.
எண்ணினேன், நாற்பத்திரண்டு வந்தது.
பிழையென்று நினைத்துத் திரும்ப எண்ணினேன்.

கம்பனிக்குக் கொடுக்கும் படிவத்தில்
'தாமதத்துக்குக் காரணம்' என்றொரு கட்டம்.
பண்ணையில் காற்று, என்று எழுதினேன்.