நிறம்

முஹரக் துறையில் படகு கட்டியதும்
பெர்க்மான்ஸ் கூப்பிடுவார். முதல் சொல்
'ஷ்லோனக்'.
சுகமா என்று அர்த்தமாம்.

குளச்சலில் சாளை வாங்க வந்த
அரபிக் கல்லூரி டீச்சர் சபூரா
நின்ற நிலையில் அதைத் தோலுரித்தாள்:
"அய்யு ஷையின் லவ்னுக.
என்ன உன் நிறம். அதைத்தான்
பேசிப் பேசித் தேய்ச்சு வச்சிருக்காவ.
ஆனா இது ஆம்பிளைட்ட கேக்கியது.
பொம்பிளைக்கு ஷ்லோனிச்."

படகில் ஏழு பேர், ஏழும் ஆண்.
யார் சொல்லித் தந்திருப்பார் அவருக்கு?

அடுத்து வந்தவள் பேசாமல்
என் நெய்மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.
இரண்டு நாள் ஐஸ்.
விலை கேட்காமலே போனாள்.

ராத்திரி போன் வந்தது.
ஷ்லோனக்.
நான் திருத்தவில்லை.
"வெளுத்திருக்கு" என்றேன்.

"என்னது, துணியா?"