சமையலறைக் கருவி

மூன்றாம் நாளாக ரோப்கார் ஓடவில்லை.
பியூர் மேட்டில் பனி இடுப்பளவு.
ஏழாம் ஆன்டெனாவின் ஏணியில் உறைந்ததை
மாலை முழுக்கத் தட்டி உதிர்த்துவிட்டு
(சமையல்காரர்தான், ஆனால் ஆள் போதவில்லை)
ஃபிர்மேன் வெங்காய சூப் வைத்துப் படுக்கப் போனார்.

இரவு என்னுடையது.

வானத்தின் ஒரே புள்ளியை
ஒன்பது மணி நேரமாக வெறிக்கின்றன ஆன்டெனாக்கள்.
திரையில் கிழிந்த துணியின் ஓரம்போல் இரைச்சல்.
அந்த விண்மீன் திரளில்
இன்னும் விண்மீன் ஆகாத குளிர்ந்த ஹைட்ரஜன்
எவ்வளவு மிச்சம் என்பதே கேள்வி.
அது வாய் திறக்காது.
பத்தாயிரத்தில் ஒன்றாய் அதனோடு கலந்திருக்கும்
கார்பன் மோனாக்சைடுதான்
அதற்காகப் பேச வேண்டும்.

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது
வகுப்பறையில் அல்ல, காவல் நிலையத்தில்.

அனிசே. என் அண்ணன். இருபத்து நான்கு வயது.
மலைமேல் மேய்ச்சல் குடிசையில்
சன்னல் இடுக்கெல்லாம் கந்தல் செருகி
அடுப்பை மூட்டிப் படுத்தவன்.
கன்னம் இரண்டும் சிவந்திருந்தன,
பனியில் உருண்டுவிட்டு இப்போதுதான்
உள்ளே வந்தவன்போல.
அதனால்தான் அம்மா நம்பவில்லை.
நிறமில்லை, மணமில்லை என்றார் அதிகாரி,
எதையோ பாராட்டுவதுபோல்.

மூன்றேகால் மணி.
இரைச்சலுக்குள்ளிருந்து ஏதோ தலைதூக்குகிறது.
இரண்டு மேடு, நடுவில் பள்ளம்.
சுழல்கிறது!
ஒரு பக்கம் நம்மை நோக்கி, மறுபக்கம் விலகி.
ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டு நடந்து
நீண்டு தளர்ந்த அலை
இந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
அது கிளம்பியபோது பூமி இல்லை.
அடுப்பு இல்லை. சன்னல் இல்லை.
மூச்சுவிட ஒருவருமில்லாத இடத்தில்
அது நஞ்சும் இல்லை.

கீழே கிரனோபிளில் சொலான்ஜை எழுப்பலாம்.
இன்னும் நான்கு மணி நேரம் சேர்த்தால்தான்
அடித்துச் சொல்ல முடியும்.
பதிவேட்டில் ‘இருக்கலாம்’ என்று மட்டும் எழுதினேன்.

சமையலறையில் கீச்சென்று ஒரு சத்தம்.
நிமிடத்துக்கு ஒன்று.
சுவர்க் கருவியின் பேட்டரி தீர்கிறது.
அதுவும் இதே மூலக்கூறைத்தான் தேடுகிறது,
நான்கு பேர் சாப்பிடும் அறைக்குள்.

நாற்காலி போட்டு ஏறி மாற்றினேன்.
பச்சை விளக்கு வந்தது.
வந்த பிறகும்
அடுப்புப் பக்கச் சன்னலை
ஒரு விரல் அகலம் திறந்தேன்.
உள்ளே வந்த காற்றில்
சூப் ஆறிப்போனது.