பெருக்கல் குறி

பதினோரு வருஷம் நான் ஒளித்துவைத்தது மூச்சை.
பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன்
மைக்கிலிருந்து முகத்தை ஒரு சாண் திருப்பி
யாருக்கும் கேட்காமல் உள்ளிழுத்து
திரும்பி வந்து சிரிப்பேன்.
கும்பகோணத்து ரிசப்ஷன் மேடைகளில்
கோமளவல்லி மூச்சு விடாமல் பாடுவாள் என்று பேர்.
சொந்தமாக நான்கு பாட்டு வெளியிட்டிருந்தேன்.
நான்கிலும் மழை வரும், காதலன் வரமாட்டான்.

ஹலீல் இருந்தது மன்னார்குடியில்,
இன்வெர்ட்டர் பேட்டரி கடைக்கு மாடியில்.
சுவரெல்லாம் போர்வையை ஆணியடித்திருந்தான்.
"சேந்து ஒண்ணு பண்ணுவோம்."
முதலிலேயே சொல்லிவிட்டேன்:
பம்புசெட்டு சத்தம், நடவுக் குலவை
எதையாவது உள்ளே போட்டால் இறங்கிப் போய்விடுவேன்.
சிரித்தான். ஒரு ஃபோல்டரை
என் கண்முன்னாலேயே அழித்தான்.
அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன்.

டிராப் என்றால் என்ன?
"நீடாமங்கலம் கேட் போட்டிருக்கும்ல.
கூட்ஸு முன்னாலயும் போகாது பின்னாலயும் போகாது.
ரெண்டு பக்கமும் பஸ்ஸு, நெல்லு லாரி,
பைக்கு ஒவ்வொண்ணா மூக்கை நுழைக்கும்.
இன்ஜினை அணைச்சவன் திருப்பி முறுக்குவான்.
ஹாரன் ஏறும், ஏறும், ஏறும்,
கேட்டைத் தூக்குறதுக்கு ஒரு நொடி முன்னாடி
எல்லாச் சத்தமும் நிக்கும், பாத்திருக்கியா?"
பார்த்திருக்கிறேன், வாரம் இரண்டு முறை.
"அந்த நொடிக்கு ஒரு குரல் வேணும்."

வலங்கை வேந்தன் எழுதிய முப்பத்திரண்டு வரியை
மூன்று நாள் பாடினேன்.
நான்காம் நாள் போட்டுக் காட்டினான்.
ஒரு வரிகூட இல்லை.
நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு அடி
தரை வழியாகக் காலில் ஏறியது.
கீழே கடைக்காரர் ஆசிட் கேன்களைப் பிடித்துக்கொண்டாராம்.
ஏறியது, ஏறியது, நின்றது.
அந்த இடத்தில் யாரோ
மூச்சை உள்ளிழுத்தார்கள்.

நான்தான்.
முகத்தைத் திருப்ப இடமில்லாத அறையில்
தப்பி விழுந்த ஒன்று.

"எல்லாத்தையும் தூக்கிட்டியேடா!"
"நீ பாடினதுலயே இதுதான் நல்லா இருந்துச்சு"
என்றான், இரக்கமில்லாமல்.
பஸ் ஏறிவிட்டேன். ஒரு வாரம் பேசவில்லை.
வேந்தன் மட்டும் தினமும் பேசினார்:
மூச்சுக்கு எப்படிம்மா ராயல்டி கேக்கறது?

ஒத்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் கிடையாது.
ஒரு கல்யாணம். பந்திக்கு எல்லோரும் போய்விட்ட ஹால்.
முகத்தைத் திருப்பப் போனேன், திருப்பவில்லை.
ஸ்பீக்கரில் அது கேட்டது.
சாம்பார் வாளியோடு போன பையன்
நின்று பார்த்துவிட்டுப் போனான்.

தஞ்சாவூர், இன்ஜினியரிங் கல்லூரி மைதானம்.
போஸ்டரில் என் பேர், அவன் பேர், நடுவில் பெருக்கல் குறி.
ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதானே
என்று அம்மா கேட்டாள்.
பாட வார்த்தை இல்லாதவள்
மேடையில் கையை எங்கே வைப்பாள்?
புடவைத் தலைப்பைத் தேடினேன்; சட்டை போட்டிருந்தேன்.
ஏறியது. மூவாயிரம் பேரும் ஏறினார்கள்.
ஹலீல் விரலை எடுத்தான்.
பதிவு செய்ததைப் போடுவதாகத்தான் ஏற்பாடு.
நான் மைக்கை உதட்டோடு ஒட்டி
நிஜமாகவே இழுத்தேன்:
புழுதி, வியர்வை, ஜெனரேட்டர் டீசல்,
இழுக்க இழுக்க இடம் இருந்தது.
விட்டபோது மைதானம் குதித்தது.

ஸ்பீக்கர்களை மன்னார்குடியில் இறக்கிவிட்டுத் திரும்பினால்
இரவு இரண்டு மணிக்கும் கேட் போட்டிருந்தது.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
பின்னால் ஒரே ஒரு பால் வண்டி,
ஹாரன் அடிக்கவும் ஆளில்லை.
வேந்தனிடமிருந்து செய்தி:
அடுத்த பாட்டுக்கு ஒரே ஒரு சொல் தரட்டுமா?
என்ன சொல் என்று கேட்டேன்.
எழுதிக்கொண்டே இருப்பதாகக் காட்டியது
கேட்டைத் தூக்கும் வரைக்கும்.