பிரிக்காதது

பிப்ரவரி மாதம், சாகினா தீயணைப்புக் கூடத்தில்
என் மேசை பதினேழாவது.
இடப்பக்கம் ரயில் பொம்மைக்காரர்,
வலப்பக்கம் ஆறிப்போன காப்பி.
என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு கார்கள்.
எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குபவை,
அட்டையும் பிளாஸ்டிக் குமிழும் கலையாதவை.
அட்டை முனை மடங்கினால் இரண்டு டாலர் போச்சு.
குமிழ் மஞ்சளித்தால் ஐந்து.
திறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வியாபாரம்.

பிழைகளுக்குத் தனிப்பெட்டி, பூட்டுடன்.
முன்சக்கரம் பின்னால் போய்விட்ட ஒரு கமாரோ,
ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்த மஸ்டாங்,
கண்ணாடி வைக்க மறந்த காடிலாக்,
அதற்கு நூற்றெண்பது.
எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ கொட்டாவி விட்ட நொடிக்கு
இங்கே அந்த விலை.

அவர் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது.
பனி ஒட்டிய பூட்ஸ், ஆண்கள் போடும் கோட்டு.
பெயரைப் பிறகுதான் சொன்னார்: வெர்லீன் ஸ்ட்ரவுட்.
"எழுபத்தொண்ணு ரிவியேரா இருக்கா? பின்பக்கம் படகு மாதிரி இருக்குமே?"
இருந்தது. பச்சை. பதினான்கு டாலர்.
கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார்.
அட்டையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்,
எல்லோரும் அதைத்தானே பார்ப்பார்கள்.

"பின்கண்ணாடிப் பட்டை இறங்கியிருக்கு. ரெண்டு அங்குலம்."

அறுபத்து நான்கில் ஒரு பங்காய்ச் சுருங்கிய வண்டியில்
இரண்டு அங்குலம் என்பது
ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஃப்ளின்டில், இரண்டாவது ஷிஃப்டில்
அந்தப் பட்டையை அழுத்தி உட்காரவைத்தது இவருடைய பெருவிரல்.
இன்னும் அது கொஞ்சம் வெளிப்பக்கமாய் வளைந்திருக்கிறது.
"ஒண்ணு விட்டுப்போச்சுன்னா சிவப்புச் சீட்டு.
மூணு சேர்ந்தா ரெண்டு நாள் வீட்டுல இரு, சம்பளம் கிடையாது.
நான் ஒருதடவை இருந்தேன். பையனுக்குக் காய்ச்சல்,
ராத்திரி கண் மூடலை."

அந்த வண்டியை ஓட்டியிருக்கிறீர்களா என்றேன்.
"அது வாங்குற சம்பளமா? பஸ்தான்."

பூட்டிய பெட்டிப் பக்கம் திரும்பினார்.
விலைகளை ஒவ்வொன்றாக, உதடு அசையப் படித்தார்.
"இதெல்லாம்?"
பிழைகள், அம்மா. அரிதானவை.
"அரிதானவை" என்று
அதை அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்,
புதுச் செருப்பைக் கடையில் காலில் மாட்டிப் பார்ப்பதுபோல.

பதினான்கு டாலர். நாலு ஒற்றைத் தாளும் கசங்காதவை.
நான் உறையைத் தேடிக் குனிந்த நேரத்தில்
சர்ரென்று அந்தச் சத்தம்.
ரயில் பொம்மைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
பக்கத்து மேசையில் யாரோ "ஐயோ" என்றது எனக்கே கேட்டது.
இருபத்திரண்டு வருடம் மூடியிருந்த காற்று
கொஞ்சம் பெயின்ட் வாசனையோடு வெளியே வந்தது.

காரை மேசையில் வைத்து
அதே பெருவிரலால் ஒரு தள்ளு.
நேராகப் போகவில்லை. இடப்பக்கம் இழுத்து
என் காப்பிக் கோப்பையில் முட்டி நின்றது.
அப்போதுதான் சிரித்தார், கூடமே திரும்பும்படி.
"முன்சக்கரம் பாக்குறவன்
அப்பவும் இப்படித்தான்!"

கோட்டுப் பைக்குள் வண்டியைப் போட்டுக்கொண்டு
பனிக்குள் இறங்கிப் போனார்.
பை தட்டையாகத்தான் தெரிந்தது.

கிழிந்த அட்டை மேசைமேலேயே கிடந்தது.
பழக்கதோஷம், மடங்கிய முனையை நீவிக்கொண்டிருந்தேன்.
தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் நின்றான்:
"அட்டை மட்டும் விற்பீங்களா?"
நாலு டாலர் என்றது என் வாய்.
பேரம் பேசாமல் கொடுத்தான்.