வெற்றுத் தூரம்

தலைஞாயிறுக்கு மேற்கே, ஏழு கண் மதகு.
நான்காம் கண்ணுக்கு மேலே இரும்புக் கையில்
தலைகீழாகத் தொங்குகிறது ரேடார்.
உரித்த தேங்காய் அளவு.
கீழே ஆறில்லை.
வைகாசி மணல், ஒற்றைச் செருப்பு,
காய்ந்து கறுத்த ஆகாயத்தாமரை.

மூடியைத் திருகியதும் திரை கேட்கத் தொடங்கியது.
மொழி? பட்டியலில் தமிழ் இல்லை.
அலகு? மீட்டர் என்கிறது ஒப்பந்தம்.
அடியில போடுங்க மேடம், என்றார் லஸ்கர் சிங்காரவேல்,
மீட்டர்ல சொன்னா எவன் நாத்து விடுவான்.

அடுத்தது, வெற்றுத் தூரம்.
ஒன்றுமே இல்லாதபோது
நான் எவ்வளவு ஆழம் பார்க்க வேண்டும்
என்று கேட்கிறது கருவி.
நாடாவை இறக்கினேன்.
நான்கு மீட்டர் பன்னிரண்டு.
அது மணலுங்க. அடித்தளம் இன்னும் கீழ கெடக்கு.
சொல்லிக்கொண்டே கடப்பாரையோடு இறங்கினார்.

மணல்.
மணலுக்குக் கீழே களி.
களியில் ஒரு பிராந்திப் புட்டி, யாரோ அறுத்தெறிந்த அரைஞாண்,
பிறகு டங்கென்று ஒரு சத்தம்.
முழங்காலுக்கு மேல் குழிக்குள் நின்று
கருங்கல்லைக் கட்டைவிரலால் துடைத்தார்.
மறுபடி நாடா. நான்கு அறுபத்தைந்து.

எதை வைப்பது, மணலையா கல்லையா?
உதவிப் பொறியாளர் ஷகிலா பானு போனில் சொன்னார்:
கல்லையே போடுங்க.
மணல் இன்னைக்கு இருக்கும், ராத்திரி லாரியில போயிடும்.

குழியை மூடிவிட்டு எண்ணை ஏற்றினேன்.
நீர்மட்டம் 0.53, என்றது திரை.
அந்த அரை மீட்டர் தண்ணீரின் மேல்
குந்தி உட்கார்ந்து
பீடி பற்றவைத்தார் சிங்காரவேல்.

அப்போது ஓர் ஆடு வந்தது.
தாமரைச் சருகை முகர்ந்தபடி
சரியாகக் கூம்பின் கீழே நின்றது.
ஆறு 1.14க்கு உயர்ந்தது.
ஆடு நகர, குட்டி வந்து நின்றது.
கொஞ்சம் வடிந்தது.
வெள்ளம் மேடம், கடைமடைக்குத் தாக்கல் சொல்லிடவா?

இதற்கும் ஓர் அமைப்பு உண்டு. தணிப்பு நேரம்.
ஒரு மாற்றத்தை எத்தனை நொடி சந்தேகித்த பிறகு
நம்பலாம் என்பது.
அறுபது கொடுத்தேன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
எங்களுக்கு அது பத்து நாளு.
மேட்டூரத் தொறந்துட்டாங்கன்னு டிவியில சொன்ன
அன்னையிலேருந்து எண்ணிக்குங்க.

கால் மணிக்கு ஒரு செய்தி.
சிம் போட்டேன், சிக்னல் இல்லை.
அவர் தன் சம்சாரத்தோடு பேச எங்கே போய் நிற்பாரோ
அந்தத் தென்கோடித் தூணைப் பார்த்து
ஆன்டெனாவைத் திருப்பினோம்.
ஒரு கோடு விழுந்தது. போதும்.

ஆனியில் ஓர் இரவு, மன்னார்குடி லாட்ஜ்.
இரண்டரை மணிக்குப் போன் அடித்தது.
தண்ணி வந்துருச்சு மேடம். கணுக்கால் நனையுது.
இன்னொரு போனில் பார்த்தேன். 0.53.
இங்கே ஒன்றும் காட்டவில்லையே, என்றேன்.
எப்படிக் காட்டும், நாலாங்கண்ணுல மணல் மேடு,
தண்ணி மூணுலயும் அஞ்சுலயும்ல போவுது.
அப்புறம் அவர் பேசவில்லை, வைக்கவுமில்லை.
வைக்கோலை இழுத்துக்கொண்டு எதுவோ
தூணைச் சுற்றிப் போகும் சத்தம் மட்டும்.

இரண்டே முக்கால். 0.53.
விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
மூன்று மணிக்கு 0.54.

நுரையாகவும் இருக்கலாம்.